எங்கள் முற்றத்தையும் கணக்கில் எடுங்கள்

தமிழ்நாட்டில் எரிசக்தி, காலநிலை மாற்றம், வீட்டுவசதி ஆகிய துறைகளில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், வீட்டுக் கூரை சூரிய மின் திட்டத்துக்கு விதி எழுதிய ஒன்றிய அரசு அதிகாரிகளுக்கும், செட்டிநாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன்.

போன சித்திரையில் எங்கள் வீட்டுக்குச் சூரிய மின்பலகை போட விண்ணப்பித்தோம். முடியாது என்று திரும்பி வந்துவிட்டது. இரண்டு காரணம் சொன்னார்கள். மின் இணைப்பு என் மாமனாரின் தகப்பனார் பேரில் இருக்கிறது, வீடும் பங்காளிகளுக்குப் பொது. என் ஒருத்தியின் சொந்த வீடு என்று காட்ட வழியில்லை. அடுத்தது, கூரையில் பெரும்பகுதி நாட்டு ஓடு. மீதி இருக்கும் மாடித்தளம் சுண்ணாம்புத் தளம். அதில் துளை போட்டு இரும்புச் சட்டம் நிறுத்த யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அதே வாரம் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி முற்றம் வைத்த ஒரு பழைய வளவு வீட்டை இடித்து முடித்தார்கள். நிலைக்கதவும் தேக்குத் தூண்களும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளுக்குப் போயின. மனையில் இப்போது கான்கிரீட் வீடு எழும்பி நிற்கிறது. நான்கு படுக்கையறை, நான்கிலும் ஏசிக்குத் துவாரம் விட்டிருக்கிறார்கள். மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் பலகை போட்டால் அந்த வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். கட்டுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல மனிதர்கள். ஆனால் உங்கள் கணக்கில் அந்த வீடு பசுமை வீடாகப் பதிவாகும். ஏசியே இல்லாமல் மூன்று தலைமுறை கோடையைக் கழித்த எங்கள் வீடு கணக்கிலேயே வராது. இதைப் பேசாமல் விட எனக்கு மனசு ஒப்பவில்லை.

விண்ணப்பத்தைத் திருப்பிய அலுவலகம் எது என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே இருந்த பிள்ளைகள் மரியாதையாகத்தான் பேசினார்கள். விதி அவர்கள் கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். முகப்பில் திண்ணை, அதைத் தாண்டினால் பட்டாலை என்கிற கூடம், பிறகு முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஒன்றாக அறைகளும், அதற்கும் பின்னே இரண்டாங்கட்டு, அடுப்படி. தலைவாசலில் நின்று பார்த்தால் கொல்லைவாசல் தெரியும். எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாஸ்து என்பார்கள் சிலர். எனக்குத் தெரிந்தது, சாயங்காலம் இரண்டு பக்கமும் திறந்துவைத்தால் காற்று வீட்டுக்குள் நடந்து போகும் என்பதுதான். பகலில் சூடேறிய காற்று மேலே ஏறி முற்றத்தின் வழியாக வெளியே போகும், தாழ்வாரத்து நிழலிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். சுவர் இரண்டடி கனம். செங்கல்லும் சுண்ணாம்பும். பகல் சூடு அந்தக் கனத்தைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூரை ஓடுகளை இரண்டு மூன்று வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறார்கள், நடுவில் காற்று நிற்கும். மச்சில் தேக்குச் சட்டத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கிய தளம். தரையில் ஆத்தங்குடிக் கல். வைகாசி வெயிலில் வெளியே போய்வந்து செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கால் வைத்துப் பாருங்கள், அப்புறம் நான் விளக்க வேண்டியதே இல்லை. மழை பெய்தால் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். தெருவில் ஓடுவது ஊருணிக்குப் போகும்.

இதெல்லாம் அழகுக்காகச் செய்ததில்லை. இங்கே மண் செம்மண், மழை குறைவு, வற்றாத ஆறு கிடையாது, வெயிலோ உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் வாழ்வதற்குப் பிறந்த வீடு இது.

பேரன் பள்ளிக்கூட வேலைக்காக வாங்கின வெப்பமானி மூன்று வீட்டில் இருந்தன. போன வைகாசியில் ஒன்றை எங்கள் பட்டாலையில் மாட்டினேன். இன்னொன்றை எதிர்வீட்டு மாடியறையில் மாட்டச் சொன்னேன். மூன்றாவதைத் தெருவில் நிழலில் தொங்கவிட்டேன். எட்டு நாள் குறித்துவைத்தோம். பிற்பகல் மூன்று மணிக்குத் தெருவில் நிழலிலேயே 39 டிகிரி காட்டிய நாளில் பட்டாலை 33. இரவு பத்து மணிக்குத் தெரு 31-க்கு இறங்கிவிட்டது, எங்கள் பட்டாலையும் ஏறக்குறைய அதுதான். எதிர்வீட்டு மாடியறை மட்டும் 36-லேயே நின்றது. இது ஆராய்ச்சி இல்லை, ஒரு வயதான பள்ளிக்கூட டீச்சர் நோட்டில் குறித்த கணக்கு. நீங்கள் சரியான கருவியோடு வந்து அளந்துகொள்ளலாம். அளக்க வேண்டும் என்பதையே கோரிக்கையாகக் கடைசியில் வைக்கிறேன்.

அந்த எதிர்வீட்டுக் கதை சொன்னால்தான் உங்களுக்கு முழுசாகப் புரியும். கடன் வாங்கிக் கட்டின கான்கிரீட் வீடு. கூரைக்கு நாலரை அங்குலத் தளம், மேலே வெறும் சிமெண்டுப் பூச்சு. பங்குனி பிறந்ததும் அந்த வீட்டு மருமகள் தினம் சாயங்காலம் ஆறு மணிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிப் போய் மாடியில் ஊற்றுவாள். முதல் குடம் தரையில் விழுந்ததும் சுர்ரென்று சத்தம் வரும், சுடுமண்ணில் மழை விழுந்தது மாதிரி ஒரு வாடை எழும்பும். பத்து நிமிஷத்தில் தரை மறுபடி காய்ந்துவிடும். கிணற்று மோட்டார் ஓடுகிற மின்சாரம் வேறு. "என்ன ஆச்சி செய்யறது, சின்னவன் ராத்திரியெல்லாம் தூங்கமாட்டேங்கிறான், முதுகு முழுக்க வேர்க்குரு" என்றாள். சுவரில் கை வைத்துப் பார்த்தேன். மணி ஒன்பதரை. உள்சுவர் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி. போன வருஷம் தவணையில் ஒன்றரை டன் ஏசி வாங்கிவிட்டார்கள். அவளைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. குழந்தை தூங்க வேண்டும் இல்லையா. அந்த வீடு அவளை வாங்க வைத்தது. அப்படிப்பட்ட வீட்டைத்தான் கட்ட முடியும் என்ற நிலைமையை உண்டாக்கியது நம் எல்லோருடைய கொள்கையும் சந்தையும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இருபத்தெட்டு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ஒன்றரை டன் ஏசி ஓர் இரவுக்கு எட்டு யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் தொண்ணூறு இரவு ஓடினால் 720 யூனிட். இரண்டு அறையில் ஓடினால் 1,440 யூனிட். நம் மின் தொகுப்பில் ஒரு யூனிட் உற்பத்தி செய்ய ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆக, ஒரு கோடைக்கு ஒரு டன். மறுபக்கம், நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சூரியப் பலகை நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தரும். வருஷத்துக்கு 1,460 யூனிட். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. அதாவது, இரண்டு அறையில் ஏசி தேவைப்படாத வீட்டை அப்படியே காப்பாற்றுவதும், ஒரு கிலோவாட் பலகை போடுவதும் ஒரே அளவு மின்சாரம். பலகைக்கு 30,000 ரூபாய் தருகிறீர்கள். வீட்டைக் காப்பாற்றுகிறவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இடிக்கிறவரைத் தடுத்து ஒரு கேள்வி கேட்கவும் ஆள் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பலகை மின்சாரம் தருவது பகலில். ஏசி ஓடுவது இரவில். பத்து மணிக்கு ஊரெல்லாம் ஏசி ஓடும்போது அந்தச் சுமையை ஏற்க மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் வட சென்னையிலும் நிலக்கரி எரிந்தாக வேண்டும். முற்றம் தருகிற குளிர்ச்சி இரவிலும் இருக்கும், அதற்குக் கம்பியும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை, நானேதான் விண்ணப்பித்துக் காத்திருந்தேன். பலகையை மட்டும் எண்ணுகிறீர்கள், எரியாமல் போன நிலக்கரியை எண்ணுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வீடு இடிபடும்போது அதோடு இன்னொரு கணக்கும் இடிபடுகிறது. உலகம் முழுக்க வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரி வரை காய்ச்சினால்தான் சிமெண்டுக்கான கிளிங்கர் உருவாகும். சுண்ணாம்பு சுடுவதற்கும் நெருப்பு வேண்டும்தான், ஆனால் 900 டிகிரி போதும். பூசிய சுண்ணாம்பு காய்ந்து இறுகும்போது, சுட்டபோது விட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. எங்கள் வீட்டுச் சுவருக்கு எரிய வேண்டியது எல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எரிந்து முடிந்தது. அதை இடித்துக் குப்பையாக்கிவிட்டுப் புதிதாக எரிக்கிறோம். அந்தப் புகையை யார் கணக்கில் எழுதுகிறீர்கள்?

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இப்போது பங்குள்ளவர்கள் இருபத்து மூன்று பேர். ஆறு பேர் சென்னை, நான்கு பேர் பெங்களூர், மூன்று பேர் மலேசியா, இரண்டு பேர் அமெரிக்கா, மற்றவர்கள் கோயம்புத்தூர், மதுரை என்று பிரிந்து கிடக்கிறார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்றால்தான் எல்லோரும் கூடுவார்கள். மின் இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டுமானால் வாரிசுச் சான்று வேண்டும், அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். பதினேழு பேரிடம் வாங்கிவிட்டேன். மலேசியாவில் இருக்கும் கொழுந்தனார் வீட்டில், "இதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்குப் பங்குக்கு ஏதாவது பாதகம் வருமா ஆச்சி?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. சொத்துத் தாளில் கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். ஒரு மின்பலகைக்கும் பாகப்பிரிவினைக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர்களுக்கு உறுதி சொல்ல வேண்டியது அரசு. என் வாய்வார்த்தை போதாது.

இதே திட்டத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு வழி வைத்திருக்கிறீர்கள். பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், 500 கிலோவாட் வரை. பல பேர் சேர்ந்து வாழும் கட்டடம் ஒன்று இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது, நல்லது. அது புதுக் கட்டடமாக இருந்தால் சங்கம், பழைய கட்டடமாக இருந்தால் சிக்கல் என்பது என்ன நியாயம்? எங்கள் வளவு வீடும் ஒரு குடியிருப்புதான். புள்ளிக்கு ஓர் அறை, எல்லோருக்கும் ஒரு முற்றம், ஒரு கிணறு, செலவுக்குப் புள்ளிக்கணக்கு. சங்கம் என்ற பேர் மட்டும்தான் இல்லை.

2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாயில், ஒரு கோடி வீட்டுக்கு என்று தொடங்கிய திட்டம் இது. செட்டிநாடு என்றால் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், கடியாபட்டி, ராயவரம் என்று எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், எங்கள் கதையைத்தான் சொல்வார்கள். இந்த ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்க 2014-ல் இந்தியாவே பெயர் கொடுத்தது. உலகத்துக்குக் காட்டுவதற்குப் பெருமையாக இருக்கிற வீடு, உள்ளூர் மானியத்துக்கு மட்டும் தகுதியில்லாத வீடாகிவிடுகிறது.

வீட்டை வைத்துக்கொள்வது சுலபம் என்று சொல்லமாட்டேன். வருஷம் ஒரு முறை ஓடு மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் குரங்கு ஏறி மிதித்த இடத்திலெல்லாம் ஒழுகும். போன ஐப்பசியில் இரண்டாங்கட்டுச் சுவரில் பூச்சு உதிர்ந்தது. எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் கொத்தனாருக்கு வயது எழுபத்து மூன்று. வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, சிமெண்டுன்னா நாளைக்கே ஆள் விடுறேன். சுண்ணாம்புன்னா நான் ஒருத்தன்தான், பொறுமையா இருக்கணும்" என்றார். அவர் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சுண்ணாம்பை நீத்துப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீர் விட்டு அரைத்து, பூச்சுக்கு மேல் பூச்சாக இழைத்து, கடைசியில் முட்டை வெள்ளைக் கரு சேர்த்துத் தேய்க்கிற வேலை. அது தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிச்சம். அவசரப்பட்டுச் சிமெண்டு பூசினால், சுண்ணாம்புச் சுவர் விடுகிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று இரண்டு மழையில் பாளம் பாளமாக விழும். பக்கத்து வீட்டில் அப்படித்தான் ஆனது. விழுந்ததும் "பழைய வீடு தாங்காது" என்று சொல்லி இடித்துவிட்டார்கள். வீட்டின் வயது அதற்குக் காரணமில்லை, அதற்குத் தெரிந்த வைத்தியர் கிடைக்கவில்லை.

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே எங்களுக்கு நேர்மாறு, குளிர்தான் எதிரி. வீடு சூடாக இருக்க எரிவாயுக் கொதிகலன் எரிகிறது, அந்தப் புகையைக் குறைக்க அரசு படாதபாடு படுகிறது. கொதிகலனை எடுத்துவிட்டு வெப்ப பம்பு வைத்தால் 7,500 பவுண்டு உதவி. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. அங்கே வீட்டை விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ அதன் சுவரும் கூரையும் சன்னலும் சூட்டை எவ்வளவு விட்டுவிடுகின்றன என்று பார்த்து ஏ முதல் ஜி வரை ஒரு தரம் எழுதிய சான்று கொடுக்க வேண்டும். மச்சுக்கு மேல் பஞ்சுப் பொதி மாதிரி அடைப்பதற்கும், இரட்டைச் சுவரின் நடுவில் அடைப்பதற்கும் உதவித் திட்டங்கள் போட்டார்கள். அதிலும் ஆயிரம் குறை உண்டு என்கிறாள் அவள். ஆனாலும் இயந்திரத்தோடு சேர்த்து வீட்டின் உடம்பையும் பார்க்கிறார்கள். நாம் ஏசியின் மேல் நட்சத்திரம் ஒட்டுகிறோம். 2020 முதல் எல்லா ஏசியும் 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று விதியும் போட்டோம். அந்த ஏசி மாட்டப்படும் சுவருக்கும் கூரைக்கும் கட்டாயமான நட்சத்திரம் ஒன்றும் இல்லை.

விதியே இல்லை என்று சொல்லமுடியாது. 2018-ல் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு ஒன்றை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. கூரை வழியாக எவ்வளவு சூடு உள்ளே இறங்கலாம் என்று அதில் எல்லை கட்டியிருக்கிறார்கள், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளம் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் 2018-ல் எழுதியபடி அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் எழும் குடியிருப்புகளுக்குத்தான். எதிர்வீட்டு மருமகளின் மனை அதில் கால்வாசிகூட இருக்காது. யாருக்கு வெக்கை அதிகமோ அவர்கள் வீட்டுக்கு விதி இல்லை. 2019-ல் வந்த இந்தியக் குளிர்ச்சிச் செயல்திட்டம் 2037-38-க்குள் குளிர்ச்சிக்கான தேவையையே நூற்றுக்கு 20 முதல் 25 வரை குறைக்க வேண்டும் என்கிறது. தேவையைக் குறைப்பது என்றால் கூரையைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

தமிழ்நாடு அரசு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடு கட்டித்தர முடிவெடுத்திருக்கிறது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. குடிசையில் மழையிலும் தீயிலும் பயந்து கிடந்தவர்களுக்குக் கெட்டியான கூரை கிடைப்பதை நான் முழுமனதோடு வாழ்த்துகிறேன். அந்த எட்டு லட்சம் கூரைக்கும் மேலே ஒரு வரிசை ஓடு பதிக்கவோ, வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சுக் கொடுக்கவோ, சன்னலுக்கு நேர் எதிரே ஒரு சன்னல் வைக்கவோ சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-ல் அறிவித்தவர்கள் நீங்கள். பேரிடர் வந்த பிறகு நிவாரணம் கொடுப்பதைவிட, வராமல் தடுக்கும் கூரை மலிவு.

பழைய வீடு எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. இந்த வீடுகள் பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பெரும் பணத்தில் எழும்பியவை. இதைக் கட்டின கொத்தனாரும் சித்தாளும் இதில் வசிக்கவில்லை. கடைசிக் கட்டு அடுப்படியில் என் மாமியார் நாற்பது வருஷம் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கியே சமைத்தார்கள். கேஸ் அடுப்பு வந்த அன்று அவர்கள் பட்ட சந்தோஷத்தைப் பார்த்தவள் நான். எல்லோரும் இரண்டடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று கேட்கவும் இல்லை, யாராலும் முடியாது. அந்தச் சுவரும் முற்றமும் செய்கிற வேலையைக் கான்கிரீட் வீட்டுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கலாம். இருக்கிற வீடுகளை இடிக்காமல் வைத்துக்கொள்ள வழி செய்யலாம். இரண்டுமே உங்களால் முடியும். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எத்தனை பேர் நடக்காது என்றார்கள்? வீட்டுக்கு வீடு குழாயும் தொட்டியும் வந்ததை நாம் பார்த்தோம்.

நான் கேட்பது இவை.

பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டை, சூரிய மின் திட்டத்தில் குடியிருப்புச் சங்கத்துக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் உண்மையில் குடியிருந்து வரியும் மின் கட்டணமும் கட்டுகிறவர் விண்ணப்பித்தால் போதும் என்றும், பங்குதாரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சம்மதம் போதும் என்றும், இந்தச் சம்மதம் யாருடைய சொத்துரிமையையும் கூட்டாது, குறைக்காது என்றும் ஓர் அரசாணை வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் மலேசியாவிலிருந்து கையெழுத்து நாளைக்கே வந்துவிடும்.

கூரையில் போட முடியாத வீட்டுக்குக் கொல்லையில் போட அனுமதியுங்கள். எங்கள் மாட்டுக்கொட்டில் இருந்த இடம் முழு வெயிலில் சும்மா கிடக்கிறது. அதுவும் இல்லாதவர்களுக்கு ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் பலகை நிறுத்தி, அதில் கிடைக்கும் யூனிட்டை அவரவர் மீட்டரில் கழித்துக்கொடுக்கும் முறை வேண்டும். தில்லியில் 2019-லேயே இதற்கு வழிகாட்டுதல் வந்துவிட்டது. காரைக்குடியில் 1948-ல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி இருக்கிறது. மின்கலத்தில் நாட்டுக்கே வழிகாட்டுகிற ஆராய்ச்சி நிலையம். பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்துவைக்கும் ஊர்ப் பொது மின்கலத்தை முதலில் இந்த ஊர்களில் ஒன்றில் வைத்துப் பார்க்க அவர்களிடம் பொறுப்புக் கொடுங்கள்.

அரசு உதவியில் எழும் ஒவ்வொரு வீட்டுக்கும், மனை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், கூரைக்கான அந்த 1.2 வாட் எல்லையைக் கட்டாயமாக்குங்கள். அதற்கு ஆகும் கூடுதல் பணத்தை வீட்டுக்காரர் தலையில் வைக்காமல் உதவித்தொகையிலேயே சேருங்கள். ஏற்கனவே கட்டி முடித்த கான்கிரீட் வீடுகளுக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் ஓடு பதிப்பதற்கும் மானியம் கொடுங்கள். அந்த மருமகள் அடுத்த பங்குனியில் குடம் தூக்கக் கூடாது.

ஏசி இல்லாமல் இருக்கும் பழைய வீட்டின் ஓட்டுக்கும் சுண்ணாம்பு வேலைக்கும் பழுதுபார்ப்பு உதவி கொடுங்கள். அதைப் பாரம்பரியக் கணக்கில் எழுதாமல் கார்பன் குறைப்புக் கணக்கிலேயே எழுதுங்கள். கூடவே, மிச்சமிருக்கும் சுண்ணாம்புக் கொத்தனார்களை ஆசிரியர்களாக வைத்து, கற்கும் காலத்தில் சம்பளத்தோடு இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். இது இந்த வருஷமே தொடங்க வேண்டும். எங்கள் கொத்தனாருக்கு எழுபத்து மூன்று என்று முன்பே எழுதினேன்.

ஒரு பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட அனுமதி கேட்கும்போது, இடிப்பதில் வீணாகும் பொருளுக்கும் புதிதாக எரியும் சிமெண்டுக்கும் கம்பிக்கும் வருகிற கார்பன் கணக்கு அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். தடை போடச் சொல்லவில்லை. தெரிந்து இடிக்கட்டும்.

கடைசியாக, அளந்து பாருங்கள். வரும் பங்குனியிலிருந்து ஆவணி வரை செட்டிநாட்டில் பத்துப் பழைய வீடு, பத்துக் கான்கிரீட் வீடு எடுத்து, உள்ளே வெப்பம் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று மணிக்கு மணி குறித்து, முடிவைத் தமிழில் வெளியிடுங்கள். என் நோட்டு தப்பு என்று வந்தால் ஒப்புக்கொள்கிறேன். சரி என்று வந்தால் விதியை மாற்றுங்கள்.

முதல் வீடாக எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளலாம், சாவி என்னிடம்தான் இருக்கிறது. எதிர்வீட்டிலும் சம்மதம் கேட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறையும் இரவு பத்து மணிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பகலில் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள்.